மல்லாரிக்கு ஒரு முனைவர் பட்டம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் வீணையின் மெட்டுகளை, அதாவது தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் உலோகக் கட்டைகளை, தாங்கும் மெழுகைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை. என் பெயருக்குக் கீழே ஆசிரியர் போட்டிருந்த 'இங்கிலாந்தில் இசையாய்வில் முனைவர் பட்டம் பெற்றவர்' என்ற அரை வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. சரி, இந்த மாதம் அதையே பேசிவிடலாம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: கர்நாடக சங்கீதத்தை ஆராய்வதற்கு வெள்ளைக்காரன் ஊருக்கு எதற்கம்மா போக வேண்டும்? இங்கே இல்லாத வித்வானா அங்கே இருக்கிறார்? (72 வயது ரசிகர், மயிலாப்பூர்)

நியாயமான கோபம், ஐயா. என் அப்பாவும் இதையேதான் கேட்டார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

வித்வான்கள் இங்கேதான் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் பதினாறு வருஷம் வீணை கற்றவள் நான்; வாசிப்பதற்கு அங்கே போய் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. என் ஆய்வு ஒரு கோயிலின் சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியைப் பற்றியது. எனக்கு வாய்த்த நெறியாளர் ஜாவாத் தீவின் வெண்கல வாத்திய இசையான கமலானில் ஊறியவர். மல்லாரி வாசிக்கும் ராகமான கம்பீர நாட்டையின் பெயரையே என் வாயால்தான் முதலில் கேட்டார். முதல் மாதம் நான் கொண்டுபோன ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "இது எங்கே முடிகிறது? முடிக்கச் சொல்வது யார்?" என்றார். அசட்டுக் கேள்வி என்று நினைத்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட மல்லாரி, ஆனால் அது எப்போது நிற்கிறது என்று நான் கவனித்ததே இல்லை.

ஊருக்கு வந்து ஒரு உற்சவம் முழுக்க நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். அவர் பார்வை தவில்காரர் பக்கம் அதிகம் போகவில்லை. சுவாமியைத் தூக்குகிறவர்களின் தோளைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார். தண்டு எந்தத் தோளுக்கு மாறுகிறது, எங்கே இறக்கப்போகிறார்கள் என்பதை வைத்தே அவர் முத்தாய்ப்பு வைத்தார். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் அந்தத் தோள்களைப் பற்றியது. ஊரிலேயே இருந்திருந்தால் இதை யாரும் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்.

நான் ஒன்றும் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் 1975-இல் அங்கே ராக ஆலாபனை பற்றி ஆய்வேடு எழுதினார். வீணை தனம்மாளின் பேரனுக்கு வீட்டில் இல்லாத சங்கீதமா? சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து எஸ். ராமநாதன் முனைவரானதும் அங்கேதான். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே விஸ்வநாதனின் அண்ணன் மிருதங்கம் ரங்கநாதனும் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் நிச்சயம் கேட்டிருக்கும் அமெரிக்கரான ஹிக்கின்ஸ் பாகவதர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்: அங்கே மாணவராகத் தொடங்கி, இங்கே வந்து கற்று, திருவையாறு ஆராதனையில் பாடி, பரதநாட்டிய இசையைப் பற்றி ஆய்வேடு எழுதினார்.

கேள்வி: 'கர்நாடக இசையின் மகத்துவம்' என்ற தலைப்பில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். ஆய்வு முன்மொழிவை எப்படி எழுதுவது? (கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்)

கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் தலைப்பைத் தூக்கிப் போடுங்கள். மகத்துவம் உங்களுக்கும் எனக்கும் முன்பே தெரியும். தெரிந்ததை நிரூபிக்க யாரும் நான்கு வருஷம் உதவித்தொகை தர மாட்டார்கள்.

நானும் இதே குழியில் விழுந்தவள்தான். 2020 ஜனவரியில் நான் அனுப்பிய முன்மொழிவின் தலைப்பு 'தஞ்சைக் கோயில்களில் இசை மரபு'. ஐந்து இடத்துக்கு அனுப்பினேன். நான்கு இடத்தில் பதிலே இல்லை. ஐந்தாவது ஒரே வரி: இதில் கேள்வி எங்கே? அந்த வரி எழுதியவர்தான் பின்னால் என் நெறியாளர். ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன்: 'முன்பு விடிய விடிய நடந்த புறப்பாடு இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிகிறது, மல்லாரியில் எதை விட்டார்கள், எதை விடவில்லை, யார் முடிவு செய்தது?' ஒரு கோயில், ஒரே உருப்படி வகை, ஒரு கேள்வி. இதற்கு இடம் கிடைத்தது.

இரண்டாயிரம் சொல்லுக்குள் கேள்வி, இதுவரை இதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள், எந்த வருஷம் என்ன செய்வீர்கள் என்பது இருந்தால் போதும். மற்றவர்களின் ஆய்வேடுகளைப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள். பிரிட்டிஷ் நூலகம் நாட்டின் ஆய்வேடுகளை எல்லாம் ஒரே இடத்தில் தேடித் தரும் சேவை வைத்திருந்தது. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அது படுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலேயே ஆய்வேடுகளை இலவசமாக வைத்திருக்கின்றன.

கேள்வி: பி.காம். படித்தவன். இசையில் பட்டம் இல்லை. பதினான்கு வருஷம் குருகுல வாசம், வானொலியில் 'பி ஹை' கிரேடு. என்னைச் சேர்ப்பார்களா? (பாடகர், திருச்சி)

நேரே பிஎச்.டி.யில் சேர்ப்பது கஷ்டம். இங்கிலாந்தில் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள். அங்கேயே ஒரு வருஷ முதுகலையில் சேர்ந்து, ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் காட்டிவிட்டு மேலே போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் இளங்கலையிலிருந்தே முனைவர் படிப்புக்கு எடுப்பார்கள். ஆனால் முதல் இரண்டு மூன்று வருஷம் வகுப்பு, தேர்வு, பிறகுதான் ஆய்வு. மொத்தம் ஐந்தாறு வருஷம் ஆகும்.

'பி ஹை' என்று மட்டும் எழுதாதீர்கள். பரீட்சையில் பி வாங்கியவர் என்று நினைத்துக்கொள்வார்கள். சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது. தேசிய வானொலி குரல் தேர்வு வைத்துக் கலைஞர்களைத் தரம் பிரிக்கும் முறை, அதில் உங்கள் படி எது என்று ஒரு வாக்கியம் விளக்குங்கள். குருவிடம் கற்ற வருஷங்களையும் அப்படியே எழுதுங்கள், அதற்கு அங்கே மதிப்பு உண்டு.

பாடுவதற்கும் வாசிப்பதற்குமே முனைவர் பட்டம் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமியில் கச்சேரித் தொடரை மையமாக வைத்து, கூட ஒரு எழுத்தும் கொடுத்து முனைவர் ஆகலாம்.

கேள்வி: படித்துக்கொண்டே கச்சேரி வாசித்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (மிருதங்கக் கலைஞர், மதுரை)

இங்கிலாந்துக்குப் போவதாக இருந்தால் அந்த நண்பர்கள் பேச்சை இன்றோடு விடுங்கள். அங்கே மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் சுயதொழில் கூடாது, கேளிக்கைக் கலைஞராகவும் வேலை செய்யக் கூடாது. அதாவது கடையில் பில் போடலாம், நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம். கையிலிருக்கும் வித்தையை வைத்துக் காசு பார்க்க முடியாது. வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினால் அதுவும் சுயதொழில்தான்.

இரண்டாம் வருஷம் ஒரு தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள், 200 பவுண்ட் தருவதாக. முகப்பூச்சு முதற்கொண்டு எடுத்து வைத்துவிட்டேன். எதற்கும் கேட்டுவிடலாமே என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டேன். அந்தப் பெண்மணி விதியைப் படித்துக் காட்டி, தலையை ஆட்டிவிட்டார். விழாவுக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து யாரோ வாசித்த வீணைக்குத் தாளம் போட்டுவிட்டு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த வருஷம் நூலகத்தில் வாரம் எட்டு மணி நேரம் புத்தகம் அடுக்கினேன். ஆய்வு மாணவர்களுக்கு இன்னொரு சூட்சுமமும் உண்டு: கோடையில் கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தாலும் அது நமக்கு விடுமுறை இல்லை, அதே 20 மணிக் கணக்குத்தான்.

கேள்வி: மகளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை இல்லை. வீட்டை அடமானம் வைக்கலாமா? (ஒரு தாய், சேலம்)

வேண்டாம் அம்மா.

இதை ஒரே சொல்லில் நிறுத்தியிருப்பேன், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். பொறியியல் முதுகலைக்கு வாங்கும் கடனை வேலை கிடைத்து அடைப்பார்கள். இசையில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு அப்படி வரிசையில் வேலை காத்திருக்காது. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு இருபதாயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். இது போக மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்ட். நான்கு வருஷத்துக்கு மூவாயிரத்துக்கு மேல், அதையும் விசா விண்ணப்பத்தோடு மொத்தமாகக் கட்ட வேண்டும். நான் போனபோது 470-தான், அதற்கே அப்பா முகம் வாடிவிட்டது. ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கான பணம் 28 நாள் வங்கிக் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். காசநோய்ச் சோதனைச் சான்றிதழும் வேண்டும்.

பணம் கொடுத்துப் படிப்பதைவிட ஒரு வருஷம் காத்திருந்து, பணம் கொடுக்கிற இடத்துக்குப் போவது மேல். இங்கிலாந்து அரசின் ஆய்வு நிதி 2021 வரை பெரும்பாலும் உள்நாட்டவருக்கே போனது. அந்த வருஷம்தான் வெளிநாட்டவருக்கும் முழு உதவித்தொகை என்று கதவைத் திறந்தார்கள், மொத்த இடங்களில் 30 சதவீதம் வரை. நான் அந்த முதல் கும்பலோடு உள்ளே நுழைந்தவள். அப்போது ஆண்டுக்கு 15,609 பவுண்ட், 2025-26-இல் 20,780. கட்டணத்தை அரசு உள்நாட்டு விகிதத்தில் மட்டும் தரும், மிச்சத்தைப் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால்தான் சில இடங்களில் வெளிநாட்டவரை எடுக்கத் தயங்குகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன், கேம்பிரிட்ஜின் கேட்ஸ் இரண்டும் இசைக்கும் உண்டு. அமெரிக்காவில் நல்ல துறைகள் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, இளங்கலை வகுப்பு எடுக்கச் சொல்லி மாதச் செலவுக்கும் தருவார்கள். பல இடங்களில் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும். அக்டோபரில் சேர வேண்டியவள் அதற்கு முந்தைய ஆண்டுக் கோடையிலேயே கடிதம் எழுதத் தொடங்க வேண்டும்.

மகளிடம் அந்தத் துறைக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்: சேர்க்கையை ஒரு வருஷம் தள்ளிவைத்து, அடுத்த சுற்றில் உதவித்தொகைக்குப் போட்டியிட முடியுமா என்று. பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

கேள்வி: பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் மறுமொழியே வருவதில்லை. மரியாதைக் குறைவாக எழுதிவிட்டேனோ என்று பயமாக உள்ளது. (இசைப் பட்டதாரி, யாழ்ப்பாணம்)

மரியாதை கூடிப்போனதுதான் சிக்கலாக இருக்கும் என்று தோன்றுகிறது. நீங்கள் இணைத்திருக்கும் மடலைப் பார்த்தேன். முதல் ஆறு வரி வணக்கமும் அவருடைய புகழும். உங்கள் ஆய்வு ஒன்பதாவது வரியில்தான் வருகிறது. அவர் ஆறாவதிலேயே மடலை மூடியிருப்பார். அவர் எழுதியதில் எதைப் படித்தீர்கள், உங்கள் கேள்வி என்ன, எந்த ஆண்டு சேர விருப்பம் என்று மூன்று பத்தி போதும். நல்லூர்த் திருவிழா நாகஸ்வரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி பிரமாதம், அதை மேலே கொண்டுவாருங்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், தப்பில்லை.

சேர்ந்த பிறகு இன்னொரு சங்கடம் வரும். நெறியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'சார்' என்றால் அவர் பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்த்தார். எனக்குப் பெயர் வாயில் வர ஒரு வருஷம் ஆனது. அதுவரை 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றே ஓட்டினேன்.

கேள்வி: மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாமல் முடியுமா? (வாசகி, கோவை)

முடியும், ஆனால் படிக்கத் தெரிந்தால் சக மாணவர்களோடு பேச உதவும். ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். ஸ்வரங்களை அசைத்து இசைக்கும் நம் கமகத்தை அந்த ஐந்து கோடுகளுக்குள் அடைக்க முயன்று பார்த்தேன், பரிதாபமாக இருந்தது. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார் செய்த சோனிக் விஷுவலைஸர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்வரத்தின் அசைவை வளைகோடாகக் காட்டும். ஸரிகம எழுதி, அதன்மேல் வளைகோடு போட்டேன்.

கேள்வி: களப்பணிக்கு 'எதிக்ஸ் அனுமதி' வேண்டுமாமே, அது என்ன? (ஆய்வு மாணவர், திருவாரூர்)

யாரையும் பேட்டி காணவோ பதிவு செய்யவோ போகுமுன், அவர்களுக்கு இதனால் கெடுதல் வராது, விருப்பத்தோடுதான் பேசுகிறார்கள் என்று பல்கலைக்கழகக் குழுவிடம் எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சம்மதப் படிவம் இரண்டு பக்கம் ஆங்கிலம். தமிழில் பெயர்த்து, ஒரு மூத்த நாகஸ்வர வித்வானிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "என்னம்மா, நிலத்தை எழுதி வாங்க வந்தியா?" என்றார். பேச்சு அன்றோடு நின்றது. மூன்று மாதம் ஆகியது அவர் மறுபடி வாய் திறக்க.

குழுவுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். விண்ணப்பத்திலேயே அந்த வழியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்நிய நாட்டில் விசாவில் இருக்கும்போது களப்பணிக்காக ஊருக்கு வருவதாக இருந்தால், பல்கலைக்கழகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

கேள்வி: வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள்? (வாசகர், புதுச்சேரி)

நம் ஊரில் வாய்மொழித் தேர்வு என்றால் கூட்டம் வரும், கேசரியும் காபியும் உண்டு. இங்கிலாந்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அகத்தேர்வாளர் ஒருவர், புறத்தேர்வாளர் ஒருவர், நான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், பார்க்க ஆள் இல்லை. இரண்டே கால் மணி நேரம்.

புறத்தேர்வாளர் 141-ஆம் பக்கத்தைத் திறந்தார். "வித்வான் மல்லாரி சுருங்கவே இல்லை என்கிறார். நீங்கள் சுருங்கியது என்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?" நான்கு வருஷம் தயாராகியும் தொண்டை வறண்டது. பழைய ஒலிநாடாக்களையும் இன்றைய பதிவுகளையும் நிமிடக் கணக்கில் ஒப்பிட்டதைச் சொன்னேன். அப்புறம் மெதுவாக, வித்வானும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு அங்கத்திலும் ஒரு துளியாவது வைத்துவிடுவதால் அவர் கணக்கில் அது முழு மல்லாரி என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, "இதை ஏன் ஆய்வேட்டில் எழுதவில்லை?" என்றார்.

அதை எழுதச் சொல்லி, கூடவே ராகப் பெயர்களை ஆங்கிலத்தில் ஏழு விதமாக எழுதியிருந்ததை ஒழுங்குபடுத்தச் சொல்லி, சிறு திருத்தங்களோடு தேர்ச்சி கொடுத்தார்கள். மூன்று மாத அவகாசம். பெரும்பாலோருக்கு இதுதான் கிடைக்கும். திருத்தமே இல்லாமல் தேறுவது அபூர்வம்.

கேள்வி: எனக்கு 41 வயது, ஏழு வயதில் மகன். காலம் கடந்துவிட்டதா? (வாசகி, நாகர்கோவில்)

இல்லை. வயது வரம்பு கிடையாது. 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில் சாதாரண முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது, ஆனால் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு அந்த உரிமை இன்னும் இருக்கிறது. மகனைக் கூட்டிப் போங்கள். மகனுக்கும், கணவர் வந்தால் அவருக்கும் விசாக் கட்டணமும் மருத்துவ வரியும் தனியாகக் கட்ட வேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீணையை எப்படிக் கொண்டுபோனீர்கள்? (மாணவி, ஸ்ரீரங்கம்)

அப்பாடா, ஒருவர் கேட்டுவிட்டார். கெட்டிப் பெட்டியில் போட்டு, குடத்தைச் சுற்றி அம்மாவின் பழைய நூல் புடவைகளைத் திணித்து, தந்திகளைத் தளர்த்தி, பெரிய சாமானாகப் பதிந்து அனுப்பினேன். பழைய தஞ்சாவூர் வீணையில் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் கொண்டுபோகாதீர்கள், எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள். கழற்றி மாட்டும் வீணையும் கிடைக்கிறது, நாதம் கொஞ்சம் குறைவு, முதுகு பிழைக்கும்.

பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. முதல் குளிர்காலத்தில் தெரியாத்தனமாக ஹீட்டருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். மெழுகு இளகி மேல் ஸ்தாயியில் மூன்று மெட்டு சாய்ந்துவிட்டது. அந்த ஊரில் மெட்டு கட்ட ஆள் ஏது? தஞ்சாவூர் ஆசாரியை வீடியோ அழைப்பில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல நானே உருக்கிக் கட்டினேன். எந்த மெழுகு, எவ்வளவு சூடு, எப்படிச் சுருதி பார்ப்பது எல்லாம் போன இதழில் விவரமாக இருக்கிறது.